மலையகத்திலிருந்து ஆசியப் புகைப்பட இதழியல் போட்டிக்கு: ஒரு படத்தொடரைத் தயாரிக்கும் முறை

கூடை சுமந்து தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிரிக்கும் பெண்ணின் படம் உலகத்தில் வேண்டிய அளவுக்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து தேயிலைப் பொதிகளிலும் தபால் அட்டைகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் அந்தப் படம் மீண்டும் மீண்டும் அச்சாகி வந்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை, அவர் எந்தத் தோட்டத்தில் எந்த நாளில் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார் என்ற விவரமும் இல்லை. இலங்கை மலையகத்தின் ஹட்டனிலோ பதுளையிலோ இருந்துகொண்டு ஆசியப் பிராந்தியப் போட்டியொன்றுக்குப் படம் அனுப்ப நினைப்பவர் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியது இதுதான்: வெளியிலிருந்து இரண்டு நாள் வந்து போகிறவருக்குக் கிடைக்காத தகவலும் நெருக்கமும் தம் படத்தில் இருக்கின்றனவா என்பது. அவை இருந்தால் சாதாரணக் கமெராவும் போதும். தோட்டப்புறச் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் பிரதேச நிருபர்களையும், கல்யாண வீட்டுப் படங்களை எடுத்துக்கொண்டே செய்திப் படத்தில் நாட்டம் கொண்டிருக்கும் ஸ்டூடியோ இளைஞர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எந்தப் போட்டி, யாருக்குரியது

ஆசியப் போட்டி என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, படம் எடுத்தவர் ஆசியராக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. கம்போடியாவின் சியெம் ரீப் நகரில் 2005 ஆம் ஆண்டிலிருந்து நடந்துவரும் அங்கோர் புகைப்பட விழாவின் இலவசப் பயிற்சிப் பட்டறை அத்தகையது. அது போட்டி அல்ல என்றாலும், வளர்ந்துவரும் ஆசியப் புகைப்படக்காரர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிப்பதால் முதல் முயற்சிக்கு ஏற்ற வாசல் என்றே நான் கருதுகிறேன். மற்ற வகை, படம் எடுக்கப்பட்ட இடத்தைப் பார்க்கிறது. 1955 இல் நெதர்லாந்தில் தொடங்கப்பட்ட வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டி, 2022 ஆம் ஆண்டிலிருந்து உலகத்தைப் பிராந்தியங்களாகப் பிரித்துப் பரிசளிக்கிறது. இலங்கையில் எடுத்த படம் முதலில் ஆசியப் பிராந்தியத்திலும், 2025 ஆம் ஆண்டு மாற்றத்துக்குப் பிறகு மேற்கு, மத்திய, தெற்கு ஆசியப் பிராந்தியத்திலும் மதிப்பிடப்படுகிறது. இங்கே எடுத்தவரின் நாடு கணக்கில்லை. மஸ்கெலியாவில் நீங்கள் எடுத்த படத்தோடு அதே மஸ்கெலியாவில் ஐரோப்பியர் ஒருவர் எடுத்த படமும் போட்டியிடும். காபூலிலும் காசாவிலும் எடுக்கப்பட்டவையும் அதே மேசைக்கு வரும். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகின் சிறந்த படமாகத் தெரிவானவை பலஸ்தீனப் புகைப்படக்காரர்களான முஹம்மது சலேம், சமர் அபு எலூஃப் ஆகியோருடையவை என்பதை நினைத்தால், எத்தகைய படங்களுடன் நம் படம் அடுக்கப்படுகிறது என்பது புரியும்.

இந்தப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் தொழில்முறைப் புகைப்படக்காரர் என்பதற்குச் சான்று கேட்கப்படும். நிருபர் அடையாள அட்டை காலாவதியாகியிருந்தால், படம் வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியர் பீடத்திடம் ஒரு கடிதத்தை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது. அண்மைய ஆண்டுகளின் விதிப்படி தனிப்படம் ஒன்று, படத்தொடர் என்றால் 4 முதல் 10 படங்கள், நீண்டகாலத் திட்டம் என்றால் 24 முதல் 30 படங்கள். எடுக்கப்பட்ட ஆண்டுக்கும் வரம்பு உண்டு. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மறு ஆண்டு மே மாத வெசாக் வரைக்கும் நீள்வதால், நல்லதண்ணி வழியில் பருவம் முழுவதையும் பதிவு செய்கிறவர் எந்தப் படம் எந்த ஆண்டுக்குரியது என்பதை ஆரம்பத்திலேயே பிரித்துவைக்க வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், சென்ற ஆண்டு அனுப்பிய நண்பர் சொன்னதை நம்பாமல், அந்த ஆண்டுக்குரிய விதிப் பக்கத்தை வரி விடாமல் படியுங்கள்.

பொருளைக் கண்டுபிடித்தல்

இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இதுதான். ஏனென்றால் மலையகத்திலிருந்து போகும் படங்கள் பெரும்பாலும் இங்கேயே தோற்றுவிடுகின்றன. மூடுபனி, பாலத்தின் மேல் ரயில், கொழுந்துக் கூடை, லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இஸ்தோப்பில் (திண்ணையில்) கிழவி ஒருவரின் சுருக்கம் விழுந்த முகம்: இவை எல்லாம் அழகானவை, ஆனால் அவற்றில் செய்தி இல்லை. புகைப்பட இதழியலில் ஒரு படம் கேள்வி ஒன்றுக்கு விடை சொல்ல வேண்டும், அல்லது இதுவரை கேட்கப்படாத கேள்வி ஒன்றை எழுப்ப வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்போம். மலையகச் செய்திகளில் அடிக்கடி வருவது குளவிக் கொட்டு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் என்று நான்கு வரியில் செய்தி வரும். வாட்டில் கட்டில்களில் சாய்ந்திருக்கும் பெண்களின் படம் ஒன்று கூடவே வரும். மறுநாள் அது மறக்கப்படும். அந்தப் படத்தை மட்டும் போட்டிக்கு அனுப்பினால் நடுவர் ஒரு வினாடிகூட நிற்கமாட்டார். ஆனால் அந்தச் செய்திக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை யோசித்துப் பாருங்கள். மலைக்குப் போகும் வழியில் உயர்ந்த மரத்திலும் பாறை இடுக்கிலும் தொங்கும் கூடு, அதன் கீழுள்ள நிரையில் இறங்குவதா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் பெண்கள், கொட்டுப்பட்டவர்களை ஏற்றிப்போன வாகனம், அது அம்புலன்ஸாக இருந்ததா கொழுந்து லொறியாக இருந்ததா என்ற விவரம், மறு வாரம் வேலைக்குப் போகமுடியாமல் அடுப்படியில் உட்கார்ந்திருப்பவர், அவருக்கு அந்த நாட்களுக்குப் பேர் (நாட்சம்பளத்துக்கான வரவு) விழுந்ததா இல்லையா என்று காட்டும் சம்பளச் சீட்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு மீண்டும் திரும்பும் முதல் நாள். இவற்றில் ஒவ்வொன்றும் முந்தைய படம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறது. எட்டுப் படங்களில் தோட்டத் தொழிலின் முழுக் கணக்கும் தெரிந்துவிடும். யாரையும் கொட்டுப்படும் நேரத்தில் படமெடுக்க வேண்டிய தேவையும் இல்லை.

இதேபோல் வேறு பொருள்களும் நம் கண்ணெதிரே கிடக்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உலகச் செய்தி நிறுவனங்கள் வந்தன, எடுத்தன, போயின. மண்சரிவு அபாய வலயம் என்று எச்சரிக்கப்பட்ட பிறகும் போக்கிடமின்றி அதே லயத்தில் மழைக்கால இரவுகளைக் கழிக்கும் குடும்பங்களின் கதை, அங்கேயே இருப்பவரால்தான் சொல்லமுடியும். லயத்திலிருந்து சிறு நிலத்துத் தனி வீட்டுக்கு மாறும் குடும்பம் ஒன்றை ஓராண்டு தொடர்ந்து பதிவு செய்யலாம். அதில் உறுதிப் பத்திரம் கைக்கு வரும் நாளும் அது வராமல் கழியும் நாட்களும் படங்களாகும். தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்து, ஒரு பாதி நீலகிரியிலும் ஒரு பாதி டிக்கோயாவிலுமாக வாழும் உறவுகள் கைபேசித் திரையில் கல்யாணம் பார்க்கும் காட்சி இன்னொன்று. மன்மதன்–ரதி கதையை ஆடும் காமன் கூத்தை எடுப்பவர் பலர்; அதில் ரதியாக வேடம் கட்டும் இளைஞர் ஆண்டின் மற்ற மாதங்களில் கொழும்பில் எந்தக் கடையில் வேலை செய்கிறார், கூத்துக்கு லீவு கிடைக்கிறதா என்று தொடர்ந்து போனவர் குறைவு.

பொருளை முடிவு செய்தபின் அதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். “மலையக மக்களின் வாழ்க்கை” என்று எழுதினால் அது பொருளாகாது. “குளவிக் கொட்டுக்கு இலக்கான தொழிலாளி இழக்கும் நாட்சம்பளத்தை யார் ஈடுசெய்கிறார்” என்று எழுதினால் எங்கே போகவேண்டும், யாரிடம் பேசவேண்டும் என்பது தானாகத் தெளியும்.

அனுமதியும் மரியாதையும்

தோட்டம் தனியார் நிர்வாகத்தின் கீழ் உள்ள இடம். மலைக்குள்ளும் (கொழுந்து பறிக்கும் இடம்) ஸ்டோருக்குள்ளும் (தேயிலைத் தொழிற்சாலை) எடுப்பதற்கு நிர்வாகத்திடம் அனுமதி கேட்பது முறை. மறுத்தால் லயத்திலும் கோயிலடியிலும் பொதுப் பாதையிலும் மக்களின் சம்மதத்தோடு எடுக்கக்கூடியவை நிறைய உண்டு. வைத்தியசாலையில் நோயாளியின் சம்மதத்தோடு பொறுப்பதிகாரியின் அனுமதியும் வேண்டும். ட்ரோன் பறக்கவிடுபவர் குடிசார் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்.

தொழிலாளியிடம் பெறும் சம்மதம் இதைவிட முக்கியமானது. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கிறேன்” என்று கேட்டதும் தலையசைப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தோட்டத்துப் பிள்ளை கேட்கிறான் என்ற பாசத்தில் மறுக்கத் தெரியாமல் சரி என்று சொல்வார்கள். இந்தப் படம் வெளிநாட்டில் கண்காட்சியில் தொங்கலாம், இணையத்தில் வரலாம், தோட்ட நிர்வாகியான துரையும் கணக்குப்பிள்ளையும் பார்க்கலாம் என்று விளக்கிச் சொல்லி, இரண்டு நாள் கழித்து மீண்டும் ஒருமுறை கேளுங்கள். நிர்வாகத்தின் மீது முறைப்பாடு சொல்பவரின் முகம் தெரிந்தால் அவருக்கு மலையில் மோசமான நிரை ஒதுக்கப்படலாம், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்படலாம், வீடு பற்றிய மிரட்டல் வரலாம். இந்த ஆபத்தை அவரைவிட நீங்கள் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். கை, முதுகு, நிழல், கதவிடுக்கு ஆகியவற்றை வைத்தே வலிமையான படம் எடுக்கமுடியும். பிள்ளை மடுவத்தில் (தோட்டக் குழந்தைக் காப்பகத்தில்) இருக்கும் குழந்தைகளைத் தாய் தந்தையின் சம்மதம் இல்லாமல் எடுக்கவே கூடாது. காசு கொடுத்து நிற்கவைப்பதும், “இன்னொருமுறை கூடையைத் தூக்குங்கம்மா” என்று நடிக்கவைப்பதும் உருவப்படத்தில் வேண்டுமானால் ஏற்கப்படலாம். நடந்த நிகழ்ச்சி என்று சொல்லி அனுப்பும் படத்தில் அது பொய்.

வெளிச்சமும் ஈரமும்

மூடுபனியில் கமெராவின் ஒளியளவி வெண்மையைக் கண்டு ஏமாந்து படத்தை மங்கலான சாம்பலாக்கும். ஏறத்தாழ ஒரு ஸ்டொப் (ஒளியை இருமடங்காக்கும் அளவு) கூட்டி எடுங்கள்; முகங்களின் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்த்த பிறகே பின்னணியைப் பற்றிக் கவலைப்படுங்கள். நம் மக்களின் முகம் இருண்ட நிழலுருவமாகப் போய்விடுவது மலையகப் படங்களில் அடிக்கடி காணும் குறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் வெளிச்சம் பெரும்பாலும் வாசல் வழியாக மட்டுமே வரும். வாசலுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, 24 அல்லது 35 மில்லிமீற்றர் லென்ஸில், ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறனை) 3200 அல்லது 6400 வரை உயர்த்தி எடுக்கலாம். படத்தில் வரும் மணல்மணலான இரைச்சலுக்காக எந்த நடுவரும் படத்தைத் தள்ளுவதில்லை. அடுப்புப் புகை படிந்த சுவரில் பிளாஷ் அடித்தால் அந்த அறையில் வாழும் வெளிச்சமே செத்துப்போகும்.

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கச் சரிவுகளை நனைக்கும். பதுளை, பசறைப் பக்கம் வடகீழ்ப் பருவத்தில் நனையும். வெளிக்குளிரிலிருந்து அடுப்படிச் சூட்டுக்குள் நுழைந்தவுடன் லென்ஸில் ஆவி படியும். கமெராவைச் சில நிமிடம் பைக்குள்ளேயே விட்டு வெளியே எடுங்கள். காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைக்காவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை வளரும்.

திருத்தத்தின் எல்லை

ஓரம் வெட்டுவதும், வெளிச்சமும் நிறமும் அளவோடு சரிசெய்வதும், கறுப்பு வெள்ளையாக்குவதும் பொதுவாக ஏற்கப்படும். படத்துக்குள் இருந்த ஒன்றை நீக்குவதும் இல்லாத ஒன்றைச் சேர்ப்பதும் ஏற்கப்படுவதில்லை; செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய பகுதியும் அப்படியே. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் 2010 இல் உக்ரேனியரான ஸ்டெபான் ருடிக் பரிசை இழந்தது, பின்னணியில் தெரிந்த ஒரு பாதத்தின் சிறு பகுதியை அழித்ததற்காக. 2015 இல் இத்தாலியரான ஜியோவானி ட்ரோய்லோவின் தொடர் பரிசை இழந்தது, பெல்ஜியத்தின் சார்லரோவா நகரைப் பற்றிய அந்தத் தொடரில் ஒரு படம் பிரஸ்ஸல்ஸில் எடுக்கப்பட்டிருந்ததால். தலவாக்கலையில் எடுத்ததை நுவரெலியா என்று பெரிய ஊரின் பெயரில் எழுதிவிடும் நம் வழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்து உணரலாம். அதே 2015 இல் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் 20 சதவீதம் திருத்தக் குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டன.

இதனால் மூலக் கோப்பு உயிரைப் போல முக்கியமானது. இறுதிச் சுற்றுக்கு வரும் படங்களின் ரோ (கமெரா பதிவு செய்த பதப்படுத்தாத) கோப்பையோ கமெராவிலிருந்து வந்த முதல் கோப்பையோ ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள். முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் கேட்கலாம். செய்திக்கான படத்தை வட்ஸ்அப்பில் ஆசிரியர் பீடத்துக்கு அனுப்பிவிட்டு மெமரி கார்ட்டை அழித்துவிடும் பழக்கம் பிரதேச நிருபர்களிடம் பரவலாக உள்ளது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, திகதி, கமெரா பற்றிய உள்தகவலையும் நீக்கிவிடும். அனுப்பியே ஆகவேண்டும் என்றால் ஆவணமாக அனுப்புங்கள். மூலத்தை இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

வரிசையும் விளக்கக் குறிப்பும்

நூற்றுக்கணக்கான படங்களில் எட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். சிறு அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பி, தோட்டத்தைத் தெரிந்த ஒருவரையும் அறவே தெரியாத ஒருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தவர் தவறான தகவலைப் பிடிப்பார். தெரியாதவர் எங்கே புரியவில்லை என்பதைக் காட்டுவார். ஒரே செய்தியைச் சொல்லும் இரண்டு படங்கள் இருந்தால், எடுப்பதற்கு நீங்கள் பட்ட சிரமத்தைக் கணக்கில் கொள்ளாமல், பலவீனமானதை எடுத்துவிடுங்கள். பத்துக்கு இடமிருக்கிறது என்பதற்காகப் பத்து அனுப்ப வேண்டியதில்லை. ஏழு நல்ல படங்களோடு மூன்று சுமாரான படங்கள் சேர்ந்தால் தொடர் முழுவதும் சுமாராகத் தெரியும்.

விளக்கக் குறிப்பில்தான் உள்ளூர்க்காரரின் பலம் வெளிப்படும். “வறுமையிலும் புன்னகை” என்பது குறிப்பு அல்ல. பார்ப்பவர் என்ன உணரவேண்டும் என்று கட்டளையிடும் வரி. முதல் வாக்கியம் யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது என்று நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். இரண்டாவது வாக்கியம் அதன் பின்னணியைத் தர வேண்டும். மாதிரி ஒன்று, பெயர் முதலிய இடங்களை வெறுமையாக விட்டு: “மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில், குளவிக் கொட்டிலிருந்து மீண்ட … (வயது …), வேலைக்குத் திரும்பும் முதல் நாள் காலையில் பெரட்டுக்களத்தில் நிற்கிறார், … திகதி. சிகிச்சை பெற்ற … நாட்களில் … நாட்களுக்கே தமக்குச் சம்பளம் கிடைத்ததாக அவர் கூறுகிறார்.” அவர் கூறுகிறார் என்பதை விட்டுவிடாதீர்கள், நிர்வாகத்திடமும் கேட்டு, அவர்களின் பதிலைத் தொடரின் அறிமுகத்தில் சேருங்கள்.

லயம், பெரட்டு, அரைப்பேர் என்ற சொற்கள் நடுவருக்குப் புரியாது. அவற்றை மொழிபெயர்ப்பாளரிடம் விட்டால் தொழிலாளர் குடியிருப்பு, காலைக் கூட்டம் என்று சப்பென்று ஆகிவிடும். சொல்லை அப்படியே வைத்து, அடுத்த சில சொற்களில் விளக்குங்கள். முதலில் தமிழில் எழுதி, உண்மைகளைச் சரிபார்த்து, அதன் பிறகே ஆங்கிலமாக்குங்கள். நேரே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குபவர் தமக்குத் தெரிந்ததை விட்டுவிட்டுத் தம் ஆங்கிலத்துக்கு எட்டியதையே எழுதுவார். வரலாறு தேவையென்றால் ஒரு வாக்கியம் போதும்: 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது என்பது வரை. அதுவும் காணி உறுதி, வாக்கு, ஆவணம் போன்ற பொருளுக்கு மட்டும்.

உரிமையும் அனுப்புதலும்

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலை ஒப்பந்தத்தில் இருப்பவர் கடமையின்போது எடுத்த படத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலன்றி, வேலை கொடுத்தவருக்குரியது. படத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் பிரதேச நிருபர் பெரும்பாலும் ஊழியர் அல்ல. ஆனாலும் பத்திரிகையிடம் எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது. போட்டியின் விதியில், அனுப்பிய எல்லாப் படங்களையும் காலவரையின்றி எந்தத் தேவைக்கும் பயன்படுத்தும் உரிமை ஏற்பாட்டாளருக்கு என்று இருந்தால், பரிசுத் தொகை எவ்வளவாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். கண்காட்சிக்கும் போட்டியின் விளம்பரத்துக்கும் மட்டும் அனுமதி கேட்பதே முறையான விதி.

பதிவேற்றத்தைக் கடைசி இரவுக்கு விடவேண்டாம். மலையில் சிக்னலும் மின்சாரமும் மழையைப் பொறுத்தவை. கடைசி நேரம் எந்த நாட்டு நேரப்படி என்று பார்த்து இலங்கை நேரத்துக்கு மாற்றி எழுதிவையுங்கள். அனுப்பியபின் பதிவு செய்த மின்னஞ்சலைத் தினமும் திறந்து பாருங்கள். மூலக் கோப்பைக் கேட்டு வரும் கடிதத்துக்குக் குறுகிய அவகாசமே தரப்படும், பதில் போகாத படம் நீக்கப்படும். தெரிவு செய்யப்பட்டதாகச் செய்தி வந்தால், அதை வெளியில் அறிவிக்கும் முன் படத்தில் இருப்பவர்களின் வீட்டுக்குப் போய், எந்தப் படம் எங்கே எந்தக் குறிப்போடு வரப்போகிறது என்று வாசித்துக் காட்டுங்கள். பெயரை மறைக்கவேண்டும் என்று அவர்கள் அப்போது கேட்டால், அன்றைக்கே ஏற்பாட்டாளருக்கு எழுதி மாற்றிக்கொள்ளலாம்.